நாற்பத்திரண்டாயிரம் கௌதாரிகள்

போர் பிப்ரவரியில் பன்னிரண்டு நாள் நடந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் எங்கள் கம்பெனியில் லிவேனா நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான சட்டைதான் ஓடிக்கொண்டிருந்தது. பதின்மூன்றாம் நாள் லிவேனா என்று ஒரு நாடு இல்லை. பக்கத்திலிருந்த ஒர்தாவ் என்ற பெரிய நாடு, அது எப்போதுமே எங்கள் மாகாணம்தான் என்று சொல்லி எடுத்துக்கொண்டது. அன்றைக்கு நாங்கள் ஏழு-எட்டு வயது சைஸ் செக்கிங்கை முடித்திருந்தோம்.

என் பெயர் அன்புசெல்வி. அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். பத்தொன்பது வருசமாக அதே மேஜை, அதே டியூப்லைட். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் செக்ஷன் பெண்கள் சொல்வார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு சட்டையில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தால் அதை ஒரு குழந்தை போடும் என்று நினைப்பவளுக்குக் கோபம் வராமல் என்ன வரும்?

சட்டை சாம்பல் நிறம், காலர் வைத்தது. இடது நெஞ்சில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை எம்ப்ராய்டரி. அது அவர்கள் நாட்டுச் சின்னமாம். பெயரைச் சொன்னார்கள், யார் வாயிலும் நுழையவில்லை. குட்டையான கழுத்தும் குண்டு வயிறுமாக இருந்ததால் எங்கள் பெண்கள் கௌதாரி என்று வைத்துவிட்டார்கள். ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள்கூடக் கௌதாரி என்றே பழகிவிட்டார்கள். மொத்தம் நாற்பத்திரண்டாயிரம் கௌதாரி.

போர் முடிந்து ஒன்பதாம் நாள் முதலாளி மகுடேஸ்வரன் செக்கிங் ஹாலுக்கே வந்தார். அவர் அங்கே வந்தால் நல்ல சேதி இருக்காது.

"மெயில் வந்துருக்குது அம்முணி. ஆர்டர் கேன்சல் இல்லையாமா."

"அப்பறம் எதுக்குங்க மூஞ்சிய இப்பிடி வெச்சிருக்கறீங்க?"

"ஆர்டரு இப்ப ஒர்தாவ்காரன் பேர்ல. அதே ஸ்கூலு, அதே புள்ளைங்க, அதே தேதி. கௌதாரிய மட்டும் எடுத்துப்போட்டு அவனோட கேடயச் சின்னத்த வெக்கோணுமாம்."

"எம்ப்ராய்டரிய எடுக்கறதா? வெளையாடறானா அவன்?"

எம்ப்ராய்டரி செய்து கொடுத்த அய்யூப் பாயைக் கூப்பிட்டோம். அவர் இருபது பீஸ் வாங்கிக்கொண்டு போய்ச் சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்தார். ஒன்றை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துக் காட்டினார். பறவை போய்விட்டது. பறவை இருந்த இடம் முழுக்கப் பொத்தலாக இருந்தது. சிறகு, வால், மூக்கு என்று அந்தப் பொத்தலிலேயே கௌதாரி அப்படியே தெரிந்தது.

"ஒரு பறவைக்கு நாலாயிரத்துச் சொச்சம் குத்து அக்கா. நூலப் பிரிக்கலாம், ஊசி போன ஓட்டைய என்னத்தப் பண்றது? ரெண்டு தண்ணி பட்டா நெஞ்சுல பெரிய ஓட்டையா நிக்கும்," என்றார்.

மறுபடி துணி ஓட்டி, சாயம் போட்டு, வெட்டித் தைக்க இரண்டு மாசம் வேண்டும். கப்பலுக்கு இருந்தது பதினெட்டு நாள். முதலாளி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். அப்போது சொன்னது நான்தான். இதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

"எதுக்கு எடுக்கோணும்? கேடயத்தத் தனித் துணியில போட்டு மேலயே வெச்சுத் தெச்சுரலாமுங்க."

திருப்பூரில் இதைப் பெரிய யோசனை என்று யாரும் சொல்லமாட்டார்கள். கறை விழுந்தால் அதன்மேல் ஒரு பூ, ஓட்டை விழுந்தால் அதன்மேல் ஒரு பொம்மை. எத்தனையோ வருசமாகச் செய்வதுதான். ஆல்டர் என்போம். ஆல்டருக்குப் போன பீஸ் இன்ஸ்பெக்ஷனில் பாஸாகி வந்தால் வேலை முடிந்தது, அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. உள்பக்கம் பிரச்சினையே இல்லை. குழந்தை உடம்பில் நூல் குத்தக்கூடாது என்று கௌதாரியின் முதுகில் ஏற்கெனவே மெத்தென்ற ஒட்டுத்துணி ஒட்டியிருந்தோம். வெளியே கேடயத்தை வைத்தால் கௌதாரி இரண்டு துணிக்கு நடுவில் போய்விடும்.

ஒரே ஒரு தொல்லை. அவர்கள் அனுப்பிய மாதிரியில் கேடயம் ஏழு சென்டிமீட்டர். கௌதாரியின் வால் அரை சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. முதலாளி மெயில் போட்டார்: தங்கள் சின்னம் இன்னும் எடுப்பாகத் தெரிய எட்டரை சென்டிமீட்டர் வைக்கலாமே என்று. ஒர்தாவ்காரனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஒரு மணி நேரத்தில் ஓகே வந்தது, கூடவே ஒரு நன்றியும்.

சுற்றி டபுள் தையல் போடலாமா என்று முதலாளி கேட்டார். "நேரம் இருக்குதுங்களா? சிங்கிள் போதும்," என்றேன். அதுவும் நான் சொன்னதுதான்.

இந்த இடத்தில் இல்கா மேடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சரக்கு வாங்கும் லிவேனா பையரின் ஆள். மூன்று வருசமாகத் திருப்பூரில் தனியாக வீடு எடுத்து இருக்கிறார், எங்கள் கம்பெனிச் சரக்குக்குக் கடைசிக் கையெழுத்து அவருடையது, ஆர்டர் ஒர்தாவ் பேருக்கு மாறிய பிறகும் அப்படித்தான். முப்பத்தைந்து முப்பத்தாறு வயது இருக்கும். பாக்டரித் தமிழ் நன்றாகப் பேசுவார், என்னை அக்கா என்பார். அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தால் அரை சென்டிமீட்டருக்கும் சண்டை பிடிப்பார். எனக்கு அவரைப் பிடிக்கும். சண்டை பிடிக்கத் தெரிந்தவர்கள் அந்த வேலையில் குறைவு.

அவருக்கு ஒரே பெண். பெயர் தோரி, ஒன்பது வயது. ஊரில் இல்காவின் தம்பி வீட்டில் இருந்து படித்தாள். மே மாதம் இங்கே கூட்டிவந்துவிடுவதாக இருந்தார், கோவையில் பள்ளிக்கூடம்கூடப் பார்த்து வைத்திருந்தார். போர் வந்ததும் எல்லாம் நின்றது. லிவேனா பாஸ்போர்ட் செல்லாக்காசாகிவிட்டது. டெல்லியில் ஒர்தாவ் தூதரகத்துக்குப் போய் அவர்கள் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ளவேண்டும், அதன் பிறகு மகளை வெளியே விட அனுமதி கேட்கவேண்டும். யார் ஒத்துழைக்கிறார்களோ அவர்கள் பிள்ளைகளுக்கு முதலில் அனுமதி என்று சொன்னார்களாம்.

நாங்கள் கேடயம் தைத்த வாரம் முழுக்க இல்கா டெல்லியில் இருந்தார். திரும்பி வந்தபோது கையில் கறுப்பு அட்டைப் பாஸ்போர்ட் இருந்தது. அதைப் பையில் போடாமல், மேஜையில் வைக்காமல், கையிலேயே வைத்துக்கொண்டு ஹாலில் நடந்தார்.

"எல்லாம் முடிஞ்சுதா அக்கா?"

"முடிஞ்சுதுங்க மேடம். பாஸ் பண்ணிருங்க."

ஆல்டர் என்று நான் சொல்லவில்லை. பதினைந்து வருசமாகத் துணியில் இருக்கிறவருக்கு இது தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன். முதலாளியும் அப்படியே நினைத்தார், அய்யூப் பாயும் அப்படியே. இல்கா நூற்றிருபத்தைந்து பீஸ் எடுத்து அளந்தார். தோள், நீளம், காலர், கை. நெஞ்சுப் பக்கம் மட்டும் அவர் கை போகவே இல்லை. கேடயத்தைத் தொடப் பிடிக்காமல் விலகுகிறார் என்று எனக்குத் தெரிந்தது, தெரிந்தும் நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிட்டேன். பிறகு ஒர்தாவ் அனுப்பிய தாளில் கையெழுத்துப் போட்டார். பழைய அரசின் சின்னம் எல்லாச் சட்டையிலிருந்தும் நீக்கப்பட்டுவிட்டது, இதற்கு நானே பொறுப்பு என்று அந்தத் தாளில் இருந்தது. அது எனக்குப் பிறகுதான் தெரியும். கண்டெய்னர் அன்றைக்கே தூத்துக்குடிக்குப் போனது.

ஐந்து நாள் கழித்து இல்கா வந்து எக்ஸஸில் ஒரு பீஸ் கேட்டார். நூற்றுக்கு மூன்று சேர்த்து வெட்டுவது வழக்கம், ரிஜெக்ட் போக மீதி குடோனில் கிடக்கும். ஒன்பது-பத்து சைஸ் எடுத்துக் கொடுத்தேன்.

"தோரி வந்தா வீட்ல போட்டுக்குவா. இத மட்டும் எடுத்துடறேன்," என்று என் மேஜையிலிருந்த நூல்வெட்டியை எடுத்துக் கேடயத்தின் ஓரத்தில் வைத்தார்.

தடுத்திருக்கலாம். ஆனால் அவருக்குத் தெரியும் என்றுதானே இருந்தேன். நான்கு தையல் போனதும் வால் தெரிந்தது. இல்கா அப்படியே நின்றார். இன்னும் பிரித்தார். குண்டு வயிறு, சிறகு, கழுத்து. சிவப்பு நூல் ஒரு பிசிறு இல்லாமல் புதிதாக இருந்தது.

"அக்கா, என்ன இது?"

"ஆல்டருங்க மேடம்."

"எத்தனை பீஸ்?"

"எல்லாமே."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது வரும். அவர் கத்தவில்லை. சட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார் என்று அப்போதுதான் சொன்னார். நாங்கள் அதை ஒரு ஆல்டராகத்தான் பார்த்தோம். அந்த நாட்டில் இப்போது அந்தப் பறவையை வைத்திருப்பது ஜெயிலுக்குப் போகிற குற்றம். நாற்பத்திரண்டாயிரம் பறவையையும் நீக்கிவிட்டேன் என்று சொன்னவரின் மகள் அவர்கள் கையில் இருந்தாள்.

முதலாளியிடம் போனோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கப்பல் போயிருச்சுங்களே மேடம். திருப்பிக் கூப்புட்டா ஏன்னு கேப்பான். சொன்னா உங்க கையெழுத்துப் பொய்யின்னு ஆகிப்போகும். சொல்லாம உட்டா..."

"சொல்லாம உட்டா, அனுமதி வர வரைக்கும் எவனும் பிரிச்சுப் பாக்காம இருக்கோணும்," என்றேன். "கப்பல் போய்ச்சேர எத்தன நாளுங்க?"

"முப்பது நாளு."

"அனுமதி?"

"நாலு வாரம்னு சொன்னாங்க," என்றார் இல்கா.

அவ்வளவுதான் கணக்கு. தோரி கப்பலுக்கு முன்னால் வெளியே வரவேண்டும். மூன்று பேரும் வாயை மூடிக்கொள்வது என்று முடிவானது. அய்யூப் பாயிடம் நானே போய்ச் சொன்னேன். "என் வாய்ல இருந்து ஒரு சொல்லு வராதுக்கா," என்றார். வரவில்லை.

என் பெண் அனுப்பிரியா என் போனில் கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். நீலத்தில் ஒரு சின்ன அம்புக்குறி. காலையில் பஸ்ஸில் ஏறியதும் அதைத்தான் பார்ப்பேன். மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு இல்கா வருவார், நான் போனைத் திருப்பிக் காட்டுவேன், பார்த்துவிட்டுப் போவார். வாழ்க்கையில் எல்லாச் சரக்கும் சீக்கிரம் போய்ச்சேர வேண்டும் என்று கும்பிட்டவள், அந்த ஒரு கப்பல் நடுக்கடலில் நின்றுபோகவேண்டும் என்று கும்பிட்டேன். அட சாமி, எந்தக் கடவுள் இதையெல்லாம் கேட்பார்!

கேட்கவும் செய்தார். இருபத்தாறாம் நாள் அம்புக்குறி ஒரு துறைமுகத்துக்கு வெளியே நின்றது. போர்க் கப்பல்கள் வருவதும் போவதுமாக இருந்ததால் சரக்குக் கப்பல்களை உள்ளே விடவில்லை. பதினோரு நாள் நின்றது. எனக்கு வந்த சந்தோசத்தில் செக்ஷனில் எல்லோருக்கும் டீயோடு ஒரு பன் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார்கள், சும்மா வாயை மூடிக்கொண்டு தின்னுங்கள் என்றேன்.

ஆனால் நான்கு வாரம் ஆறு வாரமாயிற்று, அனுமதி வரவில்லை. டெல்லிக்குப் போன் செய்தால் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். நாற்பத்தோராம் நாள் கப்பல் கரை சேர்ந்தது. அம்புக்குறி ஒரு சின்ன வட்டமாக மாறியது. அதற்குப் பிறகு நான் போனைப் பார்க்கவில்லை, இல்காவும் மதியம் வரவில்லை. ஒருநாள் அவர் தம்பி ஒரு படம் அனுப்பினார். தோரி வாசலில் நிற்கிறாள், சாம்பல் சட்டை, நெஞ்சில் எட்டரை சென்டிமீட்டர் கேடயம். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்களாம். இல்கா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கேடயத்தின் ஓரத்தையே பார்த்தார். நானும் பார்த்தேன். தையல் நேராக இருந்தது.

"சிங்கிள் தையல்," என்றார்.

"ஆமாங்க."

"யாராவது பிரிச்சா?"

"கொழந்தைங்க ஏன் மேடம் பிரிக்கப்போகுது," என்றேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். சட்டையில் ஒரு நூல் தொங்கினால் பிள்ளைகள் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் சொன்னேன்.

அனுமதி ஐம்பத்துநான்காம் நாள் வந்தது. நான்கு நாள் கழித்துத் தோரி விமானத்தில் ஏறினாள். சென்னை வந்து, அங்கிருந்து கோவைக்கு மதிய விமானம். இல்கா தனியாகப் போகமாட்டேன் என்று என்னைக் கூப்பிட்டார். முதலாளி தன் காரைக் கொடுத்தார்.

விமான நிலையத்தில் ஒரு பணிப்பெண் கையைப் பிடித்துக்கொண்டு தோரி வெளியே வந்தாள். எங்கள் சட்டையைத்தான் போட்டிருந்தாள். கேடயம் போட்டவர்களைச் சோதனைச் சாவடியில் நிறுத்துவதில்லை என்று அவள் மாமா போட்டு அனுப்பியிருந்தார். இல்கா ஓடினார். அளவு டேப்பும் கையுமாக நின்று அரை சென்டிமீட்டருக்குச் சண்டை போடுகிற பெண், அத்தனை பேர் பார்க்கத் தரையில் முட்டிபோட்டு அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். சொன்னால் என்ன, நன்றாகத்தான் அழுதேன்.

திரும்பும் வழியில் நீலாம்பூரில் இளநீர் வாங்கிக் கொடுத்தேன். தோரி ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டே என்னையும் அவள் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த அக்காதான் உன் சட்டையைச் செய்தது என்று இல்கா சொல்லியிருக்கவேண்டும். பிள்ளையின் கண் பெரிதானது. டிரைவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, கேடயத்தின் கீழ் ஓரத்தைச் சுண்டுவிரலால் தூக்கிக் காட்டினாள். ஒரு விரல் போகிற அளவுக்குத் தையல் இல்லை. உள்ளே வால் தெரிந்தது. மறுபடி மூடிவிட்டாள். பிறகு அவள் பாஷையில் மெதுவாக, நிறையப் பேசினாள்.

"கண்ணு என்ன சொல்லுதுங்க மேடம்?"

இல்கா மகள் பக்கம் குனிந்து கேட்டுக்கொண்டார். கார் கருமத்தம்பட்டி தாண்டியிருந்தது. சோமனூர்ப் பக்கம் திரும்புகிற லாரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

"கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியுமாம். எல்லாரும் இவ்வளவுதான் பிரிச்சிருக்காங்களாம், ஒரு விரல் போற அளவுக்கு. காலைல ஒர்தாவ் பாட்டுப் பாடும்போது நெஞ்சுல கை வைக்கணும். அப்ப விரலை உள்ளே விட்டுக்குவாங்களாம்."

பத்தொன்பது வருசத்தில் நான் பாஸ் செய்த எந்தச் சட்டையையும் யாரும் அப்படிப் போட்டதாகக் கேட்டதில்லை. ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம், எனக்குப் பெருமையாக இருந்தது. தோரி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். இல்கா கேட்டுக்கொண்டே என் கையைப் பிடித்தார்.

"பக்கத்து சீட்டுப் பொண்ணு முழுசா பிரிச்சிட்டாளாம். வெறும் பறவையோட ஸ்கூலுக்கு வந்தாளாம். மறுநாள் வரலை. அவ வீட்டுல இப்ப யாரும் இல்லையாம்."

லாரி நகர்ந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். தோரி இளநீரைத் திரும்ப உறிஞ்ச ஆரம்பித்தாள். இங்கே ஒன்று வந்து சேர்ந்துவிட்டது. அங்கே மீதி எல்லாமே பிள்ளைகளின் நெஞ்சில் இருந்தது, என் சிங்கிள் தையலோடு.

"அந்தப் புள்ளைக்கு என்ன சைஸுன்னு கேளுங்க," என்றேன்.

"சைஸா? எதுக்கு அக்கா?"

"கேளுங்க."

கேட்டார். தோரி காரில் உட்கார்ந்தபடியே தன் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கையை வைத்துக் காட்டினாள்.

பதினொன்று-பன்னிரண்டு. மூவாயிரத்து இருநூறு பீஸ். கடைசியாகச் செய்த சைஸ், அவசரத்தில் டெய்லர் போதாமல் நானே மெஷினில் உட்கார்ந்து கேடயம் வைத்துத் தைத்தது அதில்தான்.